எட்டு நிமிசப் படம்

செல்வராணி: …நான் உளவு பாக்க வரேல்லை கலா. கீழ உடுப்புத் தோய்க்கிற அறைத் திறப்பைக் குடுத்திட்டுப் போவம் எண்டுதான் வந்தனான். வந்தாப்பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிக்க ஏலுமே?

சிவகலா: திறப்பை மேசையில வைச்சிட்டு இருங்கோ ராணி அக்கா. கை மாவாக் கிடக்கு.

செல்வராணி: இவ்வளவு ரோல்ஸும் ஆருக்கு? கோயில் தேரும் முடிஞ்சுது. உன்ர மனுசன்ர பிறந்தநாள் ஆவணியில. மகள் மிதுஷான்ர தையில.

சிவகலா: எனக்கே மறந்துபோற திகதியள்.

செல்வராணி: மேல் வீட்டில இருக்கிறன். கேட்கிறது ஞாபகத்தில நிக்கும்தானே.

சிவகலா: நாளைக்கு மிதுஷான்ர படவிழாவுக்கு. பெட்டையும் சிநேகிதரும் சேர்ந்து நடத்துற விழா. கறுப்பின ஆக்கள் எடுத்த படங்கள், நீதி நியாயம் கேக்கிற படங்கள். நேற்றுத் தொடங்கினது. நாளைக்குக் கடைசி நாள்.

செல்வராணி: ஓ… நான் கேள்விப்படேல்லை.

சிவகலா: மகேந்திரன் அண்ணையின்ர கடையில நோட்டீசுக்கு முன்னால நிண்டனீங்களாம்.

செல்வராணி: கண்ணாடி கொண்டு போகேல்லை. தலைப்பு மட்டும்தான் தெரிஞ்சுது… மிச்சத்தை மகேந்திரன் வாசிச்சுக் காட்டினவர்.

சிவகலா: முழுக்கவோ?

செல்வராணி: பின்பக்கமும். பிறகு அவர் அதைக் கழட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால வைச்சதும் தெரியும். எங்கட கடையில இதென்னத்துக்கு எண்டு ஆரோ ரெண்டு பேர் கேட்டவையாம். உன்ர மகள் வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் எடுத்துக் காசு குடுக்கிற இடத்திலயே ஒட்டிப்போட்டுப் போனவளாம். மனுசன் பாத்துக்கொண்டு நிண்டதுதான் மிச்சம்.

சிவகலா: அந்த ரெண்டு பேரில நீங்கள் ஒராள் இல்லையே?

செல்வராணி: சீச்சீ… நான் மூண்டாம் ஆள். ஓம் எண்டு தலையாட்டினது மட்டும்தான். அது கிடக்கட்டும். அந்தக் கறுவல் பெடியன் கிழமையில மூண்டு தரம் உங்கட வீட்டுக்குப் படி ஏறுறான். நான் எண்ணேல்லை, சத்தம் கேட்கும்.

சிவகலா: அவனுக்குப் பேர் இருக்கு. பினியம். தாய் தகப்பன் எரித்திரியா, அவன் இங்க பிறந்தவன். லிஃப்ட் பழுதாக் கிடக்கேக்க உங்கட அரிசி மூட்டையை நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்தவன்.

செல்வராணி: அதுக்குத் தேத்தண்ணி குடுத்தனான்தானே. பேர்தான் கேட்க மறந்திட்டன்.

சிவகலா: பேரைத் தவிர மிச்சம் எல்லாம் கேட்டனீங்களாம். தகப்பன் என்ன வேலை, தங்கச்சி எத்தினையாம் வகுப்பு, சொந்த வீடோ வாடகையோ…

செல்வராணி: கதை குடுத்தனான், அவ்வளவுதான். சரி… அவனுக்கும் இவளுக்கும் இடையில ஏதும்…

சிவகலா: படவிழாதான் இருக்கு. வேற ஏதும் இருந்தா எனக்கு முன்னம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

செல்வராணி: நீயும் அங்க போறனியோ?

சிவகலா: நேற்றுப் போனன். பாஷை விளங்கேல்லை. கீழ ஜேர்மனில எழுத்து ஓடுது, பாதி வாசிக்கிறதுக்குள்ள மாறிப்போடும். ஆனா ஒரு தாய்… மகன் ஒரு மணித்தியாலம் பிந்திட்டான். அவ ஜன்னலுக்குப் போறா, வாறா, பிறகும் போறா. கறிச்சட்டி அடுப்பில கருகுது. அதுக்கு எனக்கு எழுத்து தேவைப்படேல்லை.

செல்வராணி: …பிறகு வந்தவனோ?

சிவகலா: வந்து பாருங்கோவன். திங்கட்கிழமை ஆக்களெல்லாம் கேட்டா, படத்தைவிட நீங்கள் சொல்லுறதுதான் நல்லாயிருக்கும்.

செல்வராணி: பகிடி விடாதை. நாளைக்கு மிதுஷா எடுத்த படம் ஒண்டும் இருக்காம்.

சிவகலா: ஓம். எட்டு நிமிசம்.

செல்வராணி: அதைப் போட வேண்டாம் எண்டு சொல்லு கலா.

சிவகலா: என்னக்கா?

செல்வராணி: நீ சொன்னாக் கேட்பாள். பொலிஸ் மறிச்ச கதையாம். ஸ்டேசனில, பட்டப்பகலில. நாளைக்கு அவளுக்கு ஒரு கலியாணம் பேசேக்க, பொலிசோட கொழுவுற பெட்டை எண்டுதான் கதைப்பினம். அதோட, அது கறுப்பு ஆக்களின்ர விழா. எங்கட பெடியன்ர கதை அங்க என்னத்துக்கு?

சிவகலா: கடைசி நாள் இந்த வட்டாரத்து ஆக்களுக்கு. தோலைப் பாத்து மறிபட்ட ஆரும் சொல்லலாம். பொலிஸ்காரன் எந்த நாடெண்டு கேட்டுப்போட்டே மறிச்சவன்? கறுத்த ஆள், சாம்பல் ஜக்கெட் எண்டு ஆரையோ தேடினவங்கள். இவனுக்கு ரெண்டும் பொருந்திச்சுது.

செல்வராணி: …ஜக்கெட் நிறம் நோட்டீசில போடேல்லையே.

சிவகலா: நோட்டீசில இல்லை. போன மார்கழியில மலிவு விற்பனையில நீங்கள்தானே வாங்கிக் குடுத்தனீங்கள். எனக்கும் கொண்டுவந்து காட்டினனீங்கள்.

செல்வராணி: நான் போட்டு வாறன் கலா.

சிவகலா: இருங்கோ அக்கா. எழும்பாதேங்கோ.

செல்வராணி: அப்ப உனக்குத் தெரியும்.

சிவகலா: உங்கட சயந்தன் இந்த மேசையில இருந்துதான் மிதுஷாவுக்குச் சொன்னவன். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனான். என்னைப் போகச் சொல்லேல்லை.

செல்வராணி: என்ர பிள்ளை எனக்குச் சொல்லேல்லை. மூண்டு நாள் வேலைக்குப் போகாமல் கிடந்தவன். நான் எல்லாருக்கும் காய்ச்சல் எண்டு சொன்னனான்.

சிவகலா: நானும் ரசம் வைச்சு அனுப்பினனான்.

செல்வராணி: அவன்ர சுவிஸ் சிற்றிசன் விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கு. இன்னும் நேர்முகம் இருக்கு. இந்த நேரம் இப்பிடி ஒரு படம் வந்தா…

சிவகலா: முகம் வராது. பேரும் வராது. கையும் குரலும்தான். குற்றம் செய்தவனே? இருபது நிமிசம் நிப்பாட்டிப்போட்டு, நீ இல்லை, போகலாம் எண்டவங்களாம். படம் போட வேணும் எண்டு நிண்டது மிதுஷா இல்லை அக்கா. அவன்தான்.

செல்வராணி: …வேற ஆர் வருகினம் அதில?

சிவகலா: பொலிஸா நடிக்கிற ரெண்டு பேர். ஒரு சுவர். பின்னால சனம் நடந்து போகுது.

செல்வராணி: சனம் எண்டா?

சிவகலா: வேலைக்குப் போற சனம். கால்கள் மட்டும்தான் தெரியும்.

செல்வராணி: பொம்பிளையளும் போகினமோ?

சிவகலா: …என்ன கேக்கிறீங்கள் அக்கா?

செல்வராணி: ஒண்டுமில்லை. …கலா, கதவைச் சாத்து.

சிவகலா: வீட்டில ஒருத்தரும் இல்லை. சொல்லுங்கோ.

செல்வராணி: அண்டைக்கு ஒஃபிஸ் துப்புரவு முடிச்சு காலமை எட்டு மணி போல அந்த ஸ்டேசனில இறங்கினனான். ஒரு பெடியன் சுவரைப் பாத்து நிக்கிறான். கை ரெண்டும் மேல. சப்பாத்தைக் கழட்டிப் பக்கத்தில வைச்சிருக்கு, குனிஞ்ச தலை. பெத்தவளுக்கு முதுகு தெரியாதே?

சிவகலா: …அக்கா.

செல்வராணி: கூப்பிட வாய் திறந்தனான். திரும்ப மூடிட்டன். ஊரில செக்பொயின்றில எங்கட ஆளை மறிச்சா, சொந்தம் எண்டு காட்டக்கூடாது. காட்டினா ஆமிக்காரன் ரெண்டு பேரையும் ட்றக்கில ஏத்துவான். என்ர அண்ணையைப் பிடிக்கேக்கயும் அம்மா என்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நேர நடந்தவ. அந்தப் பழக்கம்… இது சுவிஸ் எண்டு காலுக்குத் தெரியேல்லை. பக்கத்தால நடந்து போயிட்டன்.

சிவகலா: இதை ஏன் இவ்வளவு நாளும்…

செல்வராணி: ஆரிட்டச் சொல்ல? ஊர்க் கதையெல்லாம் சொல்லுற வாய்க்கு இது வரேல்லை. அவன் பின்னேரம் வீட்டுக்கு வர, இண்டைக்கு வேலை எப்பிடி எண்டு கேட்டனான். காலமை ரயில் பிந்தினது எண்டவன். ஓம், நானும் கேள்விப்பட்டனான் எண்டன். அந்தப் படத்தில நான் நடந்து போனதும் வந்திடுமோ எண்டுதான்… அவன் என்னைக் காணேல்லைத்தானே கலா?

சிவகலா: கண்டவன் அக்கா. குனிஞ்சு நிக்கேக்க உங்கட சப்பாத்தைக் கண்டவன். திரும்பினா உங்களையும் மறிப்பாங்கள் எண்டு, தானும் தெரியாத ஆள் மாதிரி நிண்டவனாம். அந்த இடத்தைப் படத்தில வைக்க வேண்டாம் எண்டு மிதுஷாவிட்டக் கேட்டதும் அவன்தான்.