கஞ்சி குடிக்காத ஆள்

“குத்திட்டான். படுங்கோ, படுங்கோ.”

கத்துவது நான். கிடப்பது வான்பிங் கோட்டை மதிலடியில். முகம் புழுதியில். ஒரு கை அக்காவின் முதுகை அழுத்துகிறது. பீரங்கி செல் ஏவும் குத்துச் சத்தம் கேட்டால் எண்ண வேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று. எட்டுக்குள் செல் வந்து விழும். பன்னிரண்டு வரை எண்ணுகிறேன். விழவில்லை.

“எழும்படா. அது கட்டடத்துக்குத் தூண் இறக்கிற மெசின்,” என்கிறாள் அக்கா. “என்ர புதுக் காற்சட்டை போச்சு.”

பெய்ஜிங்குக்கு வெளியே இருக்கிறது இந்தக் கோட்டை. நான் சிட்னி பென்டில் ஹில்லிலிருந்து வந்தவன். அக்கா மெல்பேர்ன். சுற்றுலாக் குழு ஒன்றோடு வந்தோம். மதிலில் பழைய யுத்தத்தின் செல் பட்ட குழிகள். ஒன்றுக்குள் கை வைத்துப் பார்த்தேன். அதுதான் பிழை. அடுத்த சத்தத்துக்கு உடம்பு தானாக விழுந்துவிட்டது.

கோட்டை வாசலைத் தாண்டினால் லூகோ பாலம். தூணுக்குத் தூண் கற்சிங்கம். ஒருவர் எண்ணிய கணக்கு மற்றவருக்கு வராது என்றார் வழிகாட்டி. எண்ணத் தொடங்குகிறேன். கால்கள் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கின்றன. பாலம் என்றாலே எனக்கு இப்படித்தான்.

ஊரில் எங்கள் பாலம் வட்டுவாகல். இறுதி யுத்தத்தின் வைகாசி மாதம். காலை. இரு பக்கமும் தண்ணீர். தண்ணீரில் மனிதர். அக்கரையில் இராணுவத்தின் சிங்கக் கொடி. பின்னால் குத்துச் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. நாலில் விழுந்தது.

“திரும்பிப் பாக்காதேங்கோ. நடவுங்கோ.”

கத்தியது ஐயா, எங்கள் அப்பா. பிறகு அவர் குரல் கேட்கவில்லை.

சிட்னியில் அகதி விண்ணப்பத்துக்கு வாக்குமூலம் கொடுத்தேன். பாலத்தில் ஏறும்போது எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஆறு என்றேன். பங்கருக்குள் இருந்த நாட்களில் கஞ்சி வரிசைக்குப் போனது நான். ஆளுக்கொரு குவளையாக ஆறு தகரப் பேணி. அந்தக் கணக்குத்தான் வாயில் வந்தது. பிறகு மெல்பேர்ன் வந்து சேர்ந்த அக்கா அந்தத் தாளை வாசித்தாள். மடித்து என் கையில் தந்தாள். அதன்பின் என் வீட்டுக்கு வந்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்கு மேல் அவள் இருந்ததில்லை.

“எத்தினை?” ஒரு தூணடியில் நின்று கேட்கிறாள்.

“இதோட அறுபது.”

“பிழை. குனிஞ்சு பார்.”

குனிகிறேன். தாய்ச் சிங்கத்தின் காலுக்கடியில் ஒரு குட்டி. உள்ளங்கை அளவு. மூக்குத் தேய்ந்திருக்கிறது. நிமிர்ந்து நடப்பவன் கண்ணில் படாது.

“கஞ்சி குடிக்காட்டி ஆளில்லையோடா?”

அன்று வட்டுவாகலில் அக்காவின் மார்போடு ஒரு துவாய்த் துணி. அதற்குள் அவள் மகள். பிறந்து பதினெட்டு நாள். பெயர் வைக்கவில்லை. தாய்ப்பால் மட்டும். அவளுக்குப் பேணி இல்லை. அக்கரையில் அக்கா துவாயை விரித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தூணைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். “ஏழு, அக்கா.”

“ஓம்.”

மெசின் இன்னும் குத்துகிறது. நாங்கள் நிற்கிறோம்.

இது நான் திருத்திய கணக்கு. பாலத்தில் ஏறியவர்கள் ஏழு பேர். கரை சேர்ந்தவர்கள் அம்மா, அக்கா, நான். இழந்தது நான்கு பேரை. ஐயா. அத்தான். தங்கச்சி. அக்காவின் மகள், வயது பதினெட்டு நாள்.