புதுப்பித்த லாரியில் ஒரு பழைய குழாய்

பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள். அது வீண் வேலை, ஐயா. ஓட்டுநர் கூண்டுக்குள் கோழிமுட்டை கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரமான இடத்தில் கோழி முட்டையிடாது. எங்கள் லாரியின் இருக்கையில் முட்டைகள் கிடந்தன. கூரை ஒழுகவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ரேவாஸ் அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வருவதற்குள் ஒன்று உடைந்து தொடை வரை வழிந்தது.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். நிதானத்துக்கு என்னிடம் குறைவில்லை.

அது பழைய ராணுவ லாரி. ஷிஷிகா என்று கூப்பிடுவோம். ஆடு ஏறுகிற இடத்தில் அதுவும் ஏறும். எங்கள் ஊர் கீழ் அல்வானியில் கூட்டுப்பண்ணை கலைந்த நாளிலிருந்து, கம்பளிக் கொட்டகைக்குப் பின்னால் அப்படியே நின்றது. சக்கரத்தின் நடுவே புதர் முளைத்துக் கூரைக்கு மேல் வளர்ந்திருந்தது. கடைசியில் அது கீகோ என்ற கிழவரிடம் வந்து சேர்ந்திருந்தது. விலை பேசியதெல்லாம் ரேவாஸ்தான். எனக்குக் கை வேலை செய்யும், அவனுக்கு வாய் வேலை செய்யும்.

"ஓடுமா பெரியவரே?"

"ஓடுற வண்டின்னா நான் ஏன்டா விக்கிறேன்? நானே ஏறி உன் வீட்டு வாசலுக்கு வந்திருப்பேனே."

"அப்ப கோழிக்கூண்டு விலைதான் தருவோம்."

"முட்டையையும் எடுத்துக்கிட்டு விலையையும் குறைக்கிறியா, வெட்கங்கெட்டவனே," என்று கிழவர் சிரித்தார். சிரித்தவர் கொடுத்துவிட்டார். ரேவாஸிடம் சிரிக்காமல் தப்பியவர்கள் குறைவு.

அவன் என்னோடு கூடப்பிறந்தவன் இல்லை. இளவட்டங்களாக இருந்தபோது மலையில் ஒரு வெள்ளிக்காசைக் கத்தியால் சுரண்டி, அந்தத் தூளைப் பீரில் போட்டு, ஒரே கிண்ணத்தில் மாறி மாறிக் குடித்தோம். துஷேத்தி மலைக்காரர்களில் அப்படிக் குடித்தவர்கள் சாகும்வரை அண்ணன் தம்பி. நீங்கள் சமவெளிக்காரர், கேள்விப்பட்டிருப்பீர்கள், நம்பியிருக்க மாட்டீர்கள். நான் மூத்தவன். அவன் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

டிராக்டர் கட்டி இழுத்து லாரியை என் பட்டறைக்குள் விட்ட அன்று, அதன் நெற்றியில் கையை வைத்து, "அண்ணே, இது நம்ம ரெண்டு பேர் கையை விட்டுப் போகக் கூடாது," என்றான். நான் கேட்டு அவன் சொல்லவில்லை. அவனாகச் சொன்னான். இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு குளிர்காலம் வேலை நடந்தது. காற்று வடிகட்டியில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. தொட்டியில் இருந்த பெட்ரோல் பிசின் மாதிரி இறுகிப்போயிருந்தது. சக்கரங்களின் பிரேக் உருளைகள் துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சூடு காட்டி, கெஞ்சிக் கூத்தாடிக் கழற்றினேன். பிரேக் குழாயைக் கட்டைவிரலால் தேய்த்தாலே செதில் செதிலாக உதிர்ந்தது. செம்பில் புதுக்குழாய் வளைத்துப் போட்டேன். பழையதைச் சுவர் ஆணியில் மாட்டினேன். பழைய சாமான் எதையும் நான் எறிவதில்லை, அளவு பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் குளிர்காலத்தில் என் மனைவி தன் அக்காள் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பட்டறையிலேயே படுத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

எஞ்சின் முதல்முறை பிடித்தபோது தெருநாய்கள் எல்லாம் ஓடிப்போயின. ரேவாஸின் மனைவி நதேலா, மாவு அப்பிய கையோடு பாலாடைக்கட்டி ரொட்டியைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். ரேவாஸ் புகைக்குள் நின்றுகொண்டு லாரிக்கு முத்தம் கொடுத்தான். நான் அழுதேன். சொல்வதற்கென்ன, அழுதேன்.

அந்தக் கோடை முழுக்க அபானோ கணவாயைத் தாண்டி ஓட்டினோம். போகும்போது உப்பும் மாவும், வரும்போது பாலாடைக்கட்டி மூட்டை. ஒருமுறை அவன், ஒருமுறை நான். எங்கள் மலைக்குப் பன்றி இறைச்சி போகக் கூடாது. போனால் ஏதாவது ஒரு கேடு வந்தே தீரும். ஆகவே ஏறுகிற ஒவ்வொருவரையும் ரேவாஸ் கேட்பான். ஒரு வெளிநாட்டுக்காரனின் பையிலிருந்து தொத்திறைச்சியை உருவி நாய்க்குப் போட்டுவிட்டு, "மலை உன்னைத் திங்கிறதுக்கு நாய் இதைத் திங்கட்டும் தம்பி," என்றான். அதற்கான பணத்தையும் கொடுத்துவிட்டான். அந்த அளவுக்குக் கண்டிப்பு.

அடுத்த வசந்தத்தில், ஒருநாள் காலை, தலைநகர் திபிலிசியிலிருந்து வந்த ஒருவன் என் பட்டறைக்குள் தயங்காமல் நுழைந்து லாரியின் டயரை உதைத்துப் பார்த்தான்.

"ஆரஞ்சு கலர் அடிச்சா போட்டோல நல்லா விழும்," என்றான்.

"எதுக்கு அடிக்கணும்?"

"டூரிஸ்டுக்குத்தான். ஏன், ரேவாஸ் உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. கோபம் இல்லை ஐயா. கோபமாக இருந்திருந்தால் இரண்டு அறை விட்டு அன்றே தீர்த்திருப்பேன். ஒரே கிண்ணத்தில் குடித்தவன், என் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் விலை பேசியிருக்கிறான். அது வேறு மாதிரி வலி. பல் வலி போல, சாப்பிடும்போதும் இருக்கும், தூங்கும்போதும் இருக்கும்.

சாயங்காலம் அவன் வந்தான். உட்காரவில்லை.

"சொல்லணும்னுதான் தினம் வர்றேன்ணே. உன் மூஞ்சியப் பார்த்தா நாக்கு ஒட்டிக்கிது."

"வாக்குக் குடுத்தோமே."

"குடுத்தோம். அப்ப நதேலா நல்லா இருந்தா. இப்ப ரெண்டு சிறுநீரகமும் போச்சுங்கிறான் டாக்டர். இஸ்தான்புல்ல கொண்டுபோய் வேற வைக்கலாமாம். வண்டி இன்னொண்ணு கிடைக்கும்ணே. அவளுக்கு நான் எங்க போவேன்?"

அதை நான் நியாயமாகவே யோசித்துப் பார்த்தேன். நதேலாவின் கால் வீங்கியிருந்ததை நானும் கவனித்திருந்தேன். பொய் சொல்லவில்லை அவன். ஆனால் என் மனைவி போனபோது நான் எதையும் விற்கவில்லை.

"சரி," என்றேன். அவனைக் கட்டிக்கொண்டேன். என் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதான். மேய்ப்பர்களுக்கு உப்பு கொண்டுபோவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். அந்த நடையை மட்டும் முடித்துவிட்டு வண்டியை ஒப்படைப்பதாகப் பேசிக்கொண்டோம்.

அடுத்து நான் செய்ததைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். நான் எதையும் வெட்டவில்லை, உடைக்கவில்லை, ஓட்டை போடவில்லை. செம்புக் குழாயைக் கழற்றினேன். அது என் கை வேலை. அதை யாரும் விற்க முடியாது. ஆணியில் தொங்கியதை எடுத்துத் திரும்ப மாட்டினேன். நாங்கள் வாங்கும்போது வண்டியில் இருந்தது அதுதானே. பட்டறை வாசலில் ஓட்டி மெதுவாக மிதித்துப் பார்த்தேன், பிடித்தது. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே கிடையாது. கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போதுதான் முழுக் காலையும் ஊன்றி மிதிக்க வேண்டும். அந்த மாதிரி வண்டியில் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் போகிற வழி ஒன்றுதான். உப்பு மூட்டைகளை ஏற்றிவிட்டால் கைப்பிரேக் பேருக்குத்தான்.

பன்றிக் கொழுப்பை உங்கள் இந்த ஊர்ச் சந்தையில் வாங்கினேன். கையால் தொடவில்லை. பையோடு இடுக்கியில் பிடித்து, ஓட்டுநர் கூண்டுக்குள் இருக்கும் எஞ்சின் மூடிக்குப் பின்னால் செருகிவிட்டு, இடுக்கியை ஆற்றில் எறிந்தேன். நல்ல இடுக்கி. கொழுப்பு எதற்கு என்று கேட்டீர்கள். பிரேக் போய்விட்டது என்று ஊர் பேசினால் என் பட்டறையின் பெயர் கெடும். பன்றி இருந்தது என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும். நானும் பிழைக்க வேண்டும் இல்லையா.

புறப்படும்போது ரேவாஸ் சாவியை என்னிடம் நீட்டினான்.

"கடைசித் தடவைண்ணே. நீயே ஓட்டு. நான் பக்கத்துல உட்கார்ந்து பாடிக்கிட்டு வர்றேன்."

"இடுப்பு வலிக்குது."

"கிழவனாயிட்டே நீ," என்று சிரித்தான்.

ஒரு மேய்ப்பர் மூட்டை முடிச்சோடு ஏற வந்தார். பாரம் அதிகம், அடுத்த வண்டியில் வாருங்கள் என்று நான்தான் இறக்கிவிட்டேன். சம்பந்தமில்லாதவர் சாகக் கூடாது. அதைக்கூட யோசிக்காதவன் இல்லை நான். ஏற வேறு ஆள் இல்லாததால் ரேவாஸ் வழக்கமான கேள்வியை என்னிடமே கேட்டான்.

"பன்றி கின்றி ஒண்ணும் இல்லையே?"

"உன்னைத் தவிர ஒண்ணும் இல்லை," என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் போனான்.

கணவாய்க்கு அந்தப் பக்கம், மூன்றாவது வளைவில் வண்டி பள்ளத்தில் விழுந்தது. மலைமேல் இருக்கும் ஓமாலோவிலிருந்து ஆட்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். நானும் போய்ச் சேர்ந்து இறங்கினேன். உடலைப் பார்த்ததும் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு ஒருவர் கூண்டுக்குள்ளிருந்து அந்தப் பையைக் குச்சியால் தூக்கிக் காட்டினார். ஒவ்வொருவராகத் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பாதையில் விழுந்தவர்கள் எல்லாருக்கும் விழுந்த இடத்தில் ஒரு கல் உண்டு. கல்லில் படம் இருக்கும், பக்கத்தில் ஒரு புட்டியும் கோப்பையும் இருக்கும். கடந்து போகிற ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தரையில் கொஞ்சம் ஊற்றி, பெயர் சொல்லி ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போவார். ரேவாஸுக்குக் கல் வைக்கவில்லை. அந்த வளைவில் யாரும் நிறுத்துவதும் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு மேசையை நிரப்பக்கூடப் போதவில்லை. அவனுக்காகக் கோப்பை தூக்கிப் பேசியவன் நான் ஒருவன்தான். நன்றாகவே பேசினேன்.

அடக்கம் முடிந்ததும் நதேலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்கண்ணா. அவர் அதைக் கொண்டுபோயிருப்பாரா? கனவுல கூட அதைத் தொடாத மனுஷன்."

"யார் மனசுல என்ன இருந்துதுன்னு நாம என்னத்தக் கண்டோம் தங்கச்சி. எவனாவது வெளியூர்க்காரன் கூலி தர்றேன்னிருப்பான். பணமுடை இருந்துதே."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்காகவா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்," என்றேன்.

என் தப்பு எங்கே என்று எனக்கு இப்போது தெரிகிறது. பன்றியைப் பார்த்த பிறகு அல்வானியில் ஒருவருக்கும் வேறு கேள்வி எழவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். விசாரணைக்கு வந்த நீங்கள் அந்தப் பையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தீர்கள். "பன்றி நான் வாரத்துல ரெண்டு நாள் திங்கிறேன்யா. என் கார் பிரேக் நல்லாத்தான் பிடிக்குது," என்றீர்கள். பிறகு, வண்டி முழுக்கப் புது நட்டும் புதுக் கவ்வியுமாக இருக்க, அது ஒன்று மட்டும் ஏன் துருப்பிடித்த குழாய் என்று கேட்டீர்கள். எங்கள் ஆட்கள் எவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். எங்களுக்குப் பன்றியோடு விசாரணை முடிந்துவிடும். உங்களுக்கு அது மத்தியானச் சாப்பாடு.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். எங்கே என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நதேலாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டி போனபின் இஸ்தான்புல் பேச்சும் போய்விட்டது. ரத்தம் சுத்தம் செய்ய இங்கே உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். என் காரில் நான்தான் அழைத்து வருகிறேன். அவள் வீட்டு வாசலை இப்போது யாரும் மிதிப்பதில்லை. விறகு பிளந்து போடுவது நான், தண்ணீர் கொண்டுவருவது நான். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் அண்ணா என்பாள். எனக்கும் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது பிடித்திருக்கிறது. நீங்கள் ஒருத்தர்தான் எனக்கு மிச்சம் என்று போன வாரம்கூடச் சொன்னாள்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். என்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள், ஆனால் இதை அவளிடம் சொல்லாதீர்கள். அண்ணன் என்று நம்பிய ஒருவன் இப்படிச் செய்தான் என்று தெரிந்தால் அவளால் தாங்க முடியாது. அந்த வலி என்னவென்று, ஐயா, பட்ட எனக்குத்தான் தெரியும்.