இரண்டு நீலப் புள்ளிகள்

“ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி டம் டம்னு அடிச்சுக்கிட்டுப் போகணுமா? நான் போறது நோயாளி வீட்டுக்குங்க. ஊர்வலத்துக்கு இல்ல.”

“வழி கேக்க வாய் இல்லையா உனக்கு? ரோட்டுல நாலு ஆம்பளைங்ககிட்டக் கேட்டா சொல்ல மாட்டானுங்களா? நீதான் எல்லார்கிட்டயும் நல்லாப் பேசுவியே.”

என் கடைக்குக் கார் ஸ்டீரியோ வாங்க வருகிற புருஷன் பெண்டாட்டி சண்டை போடாமல் வாங்கிப் போனதாகச் சரித்திரம் கிடையாது, ஐயா. கார் வாங்கும்போதுகூட ஒற்றுமையாக இருப்பார்கள். அதற்குள் வைக்கிற பெட்டிக்குத்தான் குடுமிப்பிடி. எனக்கு அது பழக்கம். இருவருக்கும் டீ சொல்லிவிட்டு, யார் முதலில் ஓய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இவர்களில் எப்போதும் அந்த அம்மாதான் முதலில் ஓய்வாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் குடியிருந்தது என் தலைக்கு நேர் மேலே. நான் முதல் மாடி, அவர்கள் இரண்டாம் மாடி. அவர் டயர்க்கடைக்காரர். அவள் வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றி வருகிற நர்ஸ். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. மேலே நாற்காலி இழுபடும், ஏதோ ஒன்று விழும், அதற்கப்புறம் குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடும். மறுநாள் வெயில் மண்டையைப் பிளக்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு படியிறங்கி வருவாள். “என்னண்ணே, டீ ஆச்சா?” என்பாள். ஆச்சும்மா என்பேன். அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது என் கொள்கை. காதை நுழைப்பது வேறு.

தெருவில் என்னை ‘ரேடியோ’ என்றுதான் சொல்வார்கள். தொழிலை வைத்துச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குச் சண்டையைத் தீர்த்து வைத்ததும் நான்தான். சத்தம் வேண்டும் என்பவருக்கு ஒரு பெட்டி, வழி வேண்டும் என்பவளுக்கு ஒரு பெட்டி என்று இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பெரிய திரை வைத்த மூன்றாவதை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தேன். தனக்கென்று சிம் போட்டுக்கொள்கிற வகை. பாட்டும் பாடும், வரைபடமும் காட்டும், போன் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் பேசலாம். “ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி, வீட்டுல சண்டை மிச்சம்” என்றேன். டயர்க்கடைக்காரர் சிரித்துவிட்டார். தன் கடை வேனுக்கும் அதே மாதிரி ஒன்று போடச் சொன்னார். பெண்டாட்டியிடம் இருப்பது தன்னிடம் இல்லாமல் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். அவள் மட்டும் ஸ்டூலைக் காருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த வேலையில் அவசரம் கூடாது. டாஷ்போர்டுச் சட்டத்தைக் கீறல் விழாமல் பிளாஸ்டிக் நெம்பியால் எடுக்க வேண்டும். பழைய பெட்டியின் ஒயர்களை நிறம் பார்த்துப் பிரித்து, புதியதோடு சேர்க்க வேண்டும். வானத்துச் செயற்கைக்கோளைப் பிடிக்கிற ஆன்டெனா, தீப்பெட்டி அளவுதான் இருக்கும், அதைக் கண்ணாடிக்குக் கீழே வானம் பார்க்க ஒட்ட வேண்டும். சில பேர் அதை இரும்புக்கு அடியில் திணித்துவிட்டு, வண்டி கடலுக்குள் ஓடுவதாக வரைபடம் காட்டுகிறதே என்று விழிப்பார்கள். நான் அப்படியெல்லாம் வேலை செய்வதில்லை. என் வேலையில் யாரும் குறை சொன்னது கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

“அண்ணே, இந்தப் பெட்டி, நான் எங்க இருக்கேன்னு வேற யாருக்காச்சும் சொல்லுமா?”

“வழி ஒனக்குத்தாம்மா சொல்லும். வேற யாருக்கும் சொல்லாது.”

அவள் மூச்சு விட்டது ஒயர்களுக்கு நடுவே எனக்குக் கேட்டது. ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் என் தொழில் முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியைப் பொருத்தியதும் சோதனை பார்க்க ஒரு கணக்கைத் திறந்து உள்ளே போக வேண்டும். வாடிக்கையாளரின் போன், மறந்துபோன கடவுச்சொல், அதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் என் சொந்தக் கணக்கைப் போட்டே திறந்துவிடுவேன். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஆக, எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் ஓடுகிற பாதி வண்டிகள் என் கைப்போனில் நீலப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருந்தன.

கெட்ட எண்ணத்தில் அல்ல. மற்றவர்கள் மாலையில் தொடர் பார்க்கிறார்கள், நான் புள்ளி பார்த்தேன். சர்க்கரை வியாதி வந்த பல் டாக்டர் தினமும் பேக்கரி வாசலில் நின்றுவிட்டுத்தான் நடைப்பயிற்சிக்குப் போவார். ஆபீஸில் ராப்பகலாக வேலை என்று மாமியாரிடம் சொல்கிற மூன்றாம் வீட்டு மருமகள், பூங்கா ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள், பாவம். இதையெல்லாம் நான் நேராக யாரிடமும் சொன்னதில்லை. பல் டாக்டரிடம் “கிரீம் பன் நல்லாருக்கா டாக்டர்?” என்று மட்டும் கேட்பேன். அந்த முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே, அது போதும் எனக்கு.

நர்ஸம்மாவின் புள்ளி முதலில் ஒழுங்காகத்தான் போய்வந்தது. அப்புறம் பாலத்தைத் தாண்டி, அவளுக்கு நோயாளியே இல்லாத ஒரு பக்கம் போய் நிற்க ஆரம்பித்தது. சரி, ஆள் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். சலவைக்கடை ஒன்று, அதற்கு மேலே ஒற்றை அறை. எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் ஜன்னல் தெரிந்தது. அவள் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள், குழந்தை அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு பாய், ஒரு பக்கெட். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சில நாட்களில் அவள் போய்விட்டாள். காலையில் வழக்கம்போலப் படியிறங்கினாள், வழக்கம்போல டீ ஆச்சா என்று கேட்டாள், குழந்தையைப் பின்சீட்டில் ஏற்றினாள், திரும்பி வரவில்லை. கைப்போனை அணைத்துவிட்டாள். வேலை செய்த இடத்திலும் சொல்லவில்லை. கெட்டிக்காரிதான், எல்லாவற்றையும் யோசித்திருக்கிறாள். பெட்டியைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. அதை ஏற்கெனவே கேட்டு வைத்துக்கொண்டாளே.

தெருவே என் கடைக்கு வந்தது. “என்ன ரேடியோ, ஒனக்குத் தெரியாமலா?” என்றார்கள். டயர்க்கடைக்காரரின் அக்கா, அந்த நாத்தனார்க்காரி, கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டு, “தலைக்கு மேல குடித்தனம் நடந்துச்சு, ஒமக்கே ஒண்ணும் தெரியலன்னா நீரெல்லாம் என்னத்துக்கு?” என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள், ஐயா. வாயில் வைத்த வெந்நீரைத் துப்பாமல் வைத்திருக்கிற மாதிரி வைத்திருந்தேன். இத்தனை காலம் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த வருத்தம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு அவர் வந்தார். முகம் மழிக்காமல், அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுதார். டயர் கழற்றுகிற கைகள், அந்தக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“எம் பொண்ண ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன், அண்ணே. வேற ஒண்ணும் இல்ல. ஒரு வார்த்தகூடப் பேச மாட்டேன்.”

பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம்தான் காரணம் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம், நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். ஆனால் எனக்கு அந்தக் குழாய்ச் சத்தம் மறக்கவில்லை. கடை வாசலில் நின்ற வேனின் பின்பக்கம் டயர் நெம்புகிற இரும்புக் கம்பி கிடந்ததையும் பார்த்தேன். டயர்க்கடை வேனில் அது இல்லாமல் பூங்கொத்தா கிடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாலம், சலவைக்கடை, மாடியறை என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்த வழியாகப் போனால் நெரிசல் இருக்காது என்பதையும் சொன்னேன், கேட்காமலே.

பெட்டி யாருக்கும் சொல்லாது என்று நான் அவளிடம் சொன்னது பொய்யாகவில்லை. பெட்டி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அவர் கிளம்பியதும் இன்னொரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல பகல். சலவைக்கடை வாசலில் அவள் புள்ளி அசையாமல் நின்றது. வேனின் புள்ளி என் கடை வாசலிலிருந்து புறப்பட்டு, நான் சொன்ன வழியாகவே, பாலத்தை நோக்கிப் போனது. பாலத்தில் கொஞ்சம் நின்றது. திரும்பிவிடுவாரோ என்று இருந்தது. திரும்பவில்லை.

நர்ஸம்மாவின் பழைய எண் அணைந்திருந்தது, உண்மை. ஆனால் காரில் இருந்த பெட்டிக்குச் சொந்த சிம் உண்டு. அந்த எண் என்னிடம் இருந்தது, நான்தானே போட்டேன். அவள் காரில் இல்லாமலும் இருந்திருக்கலாம். இல்லையென்றால் சலவைக்கடைப் பெயர்ப்பலகையில் கொட்டை எழுத்தில் ஒரு எண் இருந்தது, அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்றபோதே மனசில் பதிந்திருந்தது. எனக்கு எண்கள் மறக்காது. போனைக் கையில்தான் வைத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் அவள் குழந்தையின் புதுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருப்பாள், புள்ளி நகர்ந்திருக்கும், அவர் வெறும் அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். அப்புறம் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாமலே போயிருக்கும். அதனால் கூப்பிடவில்லை. டீ ஆறிப் போயிருந்தது, அதையும் குடித்தேன்.

இரண்டு புள்ளிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்தபடியே இருந்தன. பிறகு வேனின் புள்ளி மட்டும் பிரிந்து, மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றது. அந்த ஸ்டேஷன் வாசலில் புள்ளி நின்றபோதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. தெருவில் எல்லாரையும் விட முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. அவர் என் பெயரைச் சொல்லவே இல்லையாம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, தாலி கட்டியவனுக்குத் தெரியாதா என்றாராம். தெருவிலும் அதையே பேசுகிறார்கள். யாரோ தற்செயலாகப் பார்த்துச் சொன்னார்களாம், சலவைக்காரரே காட்டிக்கொடுத்தாராம், ஆளுக்கொரு கதை. என் கடை வாசலிலேயே நின்றுகொண்டு, என்னிடமே தப்புத் தப்பாகச் சொல்கிறார்கள். எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது? நடந்தது இதுதான். நானாக வந்து சொல்கிறேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

டயர்க்கடையை நாத்தனார்க்காரி விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, அவளும்தான். மேல்வீட்டுக்குப் புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்திருக்கிறது. இதுவரை சத்தம் ஒன்றும் இல்லை. நர்ஸம்மாவின் தங்கைக்கு நிச்சயம் ஆகியிருந்த கல்யாணம் தள்ளிப்போய், கடைசியில் மாலைகூட இல்லாமல் பதிவு அலுவலகத்தில் நடந்ததாம். மாப்பிள்ளை தங்கமான பையன், அக்கா குழந்தையும் எங்களோடுதான் என்று அவனே சொன்னானாம். மூன்று பேருமாக வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். எந்த ஊர் என்று மட்டும் யாரைக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்குமே, ஐயா.