எஞ்சின் ஆறும்வரை

புத்தளத்திலிருந்து கற்பிட்டி போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன்.

“நேத்து எங்கட மனிசன வேன்கிட்டப் போகவிடல்ல தாத்தா. கையப் பிடிச்சிட்டு நின்டன்.”

“ஏன்டி?”

“நுரைச்சோலையில இருந்து வேன ஓட்டி வந்த கையோட ரேடியேட்டர் மூடியத் திறக்கப் போனாரு. சூட்டோட திறந்தா கொதிதண்ணி முகத்துல அடிக்கும் என்டு கத்தினன்.”

“கேட்டாரா?”

“ஓம், கோவத்தோடதான். தேத்தண்ணி குடுத்து இருத்தினன். எஞ்சின் நல்லா ஆறினபிறகு அதக் குளிராக்குற கூலண்ட் இருக்கிற போத்தலப் பார்த்தா, அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழ. மேல்கோட்டத் தாண்டாம நானே ஊத்தினன்.”

“உனக்கு ஆரு சொல்லித் தந்த?”

“வேனோட வந்த புத்தகத்த வாசிச்சன்.”

அவள் குரல் இப்போது பஸ் முழுக்கக் கேட்டது.

“இன்டைக்குக் காலையில பக்கத்து வீட்டு நானா, கார் சூடாகுது என்டு இவரிட்ட வந்தாரு. இவர் என்ன சொன்ன தெரியுமா? ‘பொறுங்க, என்ட பொஞ்சாதியக் கூப்பிடுறன்.’”