அனுபவம்: இல்லை

— இல்ல மேடம், எனக்குப் புரியல. இருநூத்திப் பத்து பேர் விண்ணப்பம் போட்டிருக்காங்க. போயும் போயும் இந்த ஆளைத்தான் கூப்பிடணுமா?

— ஏன்? நெட்வொர்க் சர்டிபிகேட் ரெண்டு வெச்சிருக்காரே.

— வெச்சிருக்காரு, இல்லன்னு சொல்லல. வயசு நாப்பத்தொம்பது. சர்டிபிகேட் வாங்கி நாலு மாசம்கூட ஆகல. அனுபவம்னு கேட்ட கட்டத்துல என்ன எழுதியிருக்காரு பாருங்க. 'இல்லை.' அவ்வளவுதான். குறைஞ்சது மூணு வருஷம்னு விளம்பரத்துல போட்டிருக்கோம். ரூல்ஸ்னா ரூல்ஸ் மேடம்.

— ஆளெடுக்கற அதிகாரி நீங்க. ஆனா நெட்வொர்க் பிரிவுக்குத் தலைமை நான். நான்தான் கூப்பிட்டேன். வந்து உக்காந்திருக்கற மனுஷன்கிட்ட நாலு வார்த்தை பேசிட்டுத்தான் அனுப்புவோமே.

— பேசலாம், எனக்கென்ன. நீங்க ஏன் காலையிலேர்ந்து ஒரு மாதிரி இருக்கீங்க? உடம்பு சரியில்லையா?

— ஒண்ணுமில்ல. கூப்பிடுங்க.

— சார்! உள்ள வாங்க. கதவைச் சும்மா தள்ளுங்க, திறக்கும்.

— வணக்கம் சார். வணக்கம் மேடம். இந்த நாற்காலியிலயா? சரி சரி, உக்காந்துட்டேன்.

— நேரா விஷயத்துக்கு வர்றேன். ஒரு மாடியில மட்டும் நெட் வரல. முதல்ல என்ன பண்ணுவீங்க?

— முதல்ல அந்த மாடிக்குப் போவேன் சார்.

— கம்ப்யூட்டர்ல கமாண்ட் எதுவும் போட்டுப் பார்க்க மாட்டீங்களா?

— அட, போடாம என்ன சார்! ஆனா பெருக்கும்போது துடைப்பம் பட்டு ஒயர் கழண்டிருந்துச்சுன்னு வைங்க, கமாண்ட் என்ன சொல்லும்? பதில் இல்லைன்னு சொல்லும். போய் நின்னா, அந்தம்மாவே சொல்லிடுவாங்க, 'அண்ணே, நான்தான் தெரியாம இடிச்சுட்டேன்'னு.

— ம்ம். பேச்சு நல்லாத்தான் இருக்கு. மேடம், நீங்க ஏதாவது கேக்கறீங்களா?

— நீங்களே கேளுங்க.

— சரி. இப்படிப் பேசற ஆளு அனுபவம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அது எப்படி?

— பத்தொம்பது வருஷம் இருக்கு சார். காகிதம்தான் இல்ல. காகிதம் இல்லாத வருஷத்தை எழுதி, நாளைக்கு நீங்க போன் போட்டு விசாரிச்சு, அவங்க வேற மாதிரி சொல்லி... எதுக்கு சார் அந்தக் கேவலம்? அதான் இல்லைன்னே போட்டுட்டேன்.

— எந்த இடம்? என்ன வேலை?

— ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ். ஆறு மாடி. ஒயர் இழுக்கறதுல சேர்ந்து, கடைசியில மொத்தக் கட்டடத்து நெட்வொர்க்கும் நம்ம பொறுப்புதான். எந்த ஒயர் எந்தச் சுவருக்குள்ள போகுதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். ஒரு தப்பு நடந்துச்சு. அனுப்பிட்டாங்க. எட்டு வருஷம் ஆச்சு.

— என்ன தப்பு?

— அதைச் சொல்லணுமா சார்?

— வேணாம்னா விட்டுடலாங்க. அடுத்த கேள்விக்குப் போவோம்.

— இல்ல மேடம், அதுதான் முக்கியமே. சொல்லுங்க சார்.

— மூணாவது மாடியில சுவிட்ச் பெட்டின்னு ஒண்ணு இருக்கும். அந்த மாடி ஒயர் எல்லாம் அங்கதான் வந்து சேரும். அதைக் காலையில திறந்தேன். புது ஒயர் ஒண்ணோட ஒரு முனையை அதுல சொருகிட்டு, மறுமுனையைத் தொங்க விட்டேன். மேல கொண்டு போகணும், ஏணி வேணும். எடுத்துட்டு வரலாம்னு கீழ போனேன். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வர்றதுக்குள்ள ஆறு மாடியும் படுத்துடுச்சு. ஒரு மிஷின் வேலை செய்யல. வாசல் வரைக்கும் ஜனங்க வரிசையில நிக்கறாங்க.

— ஏன்?

— தொங்க விட்ட முனையும் அதே பெட்டியில சொருகியிருந்துச்சு சார். ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருந்தா, உள்ள போன சேதி வெளிய வர வழியில்லாம சுத்திக்கிட்டே கிடக்கும். ஒண்ணு நூறாகி, நூறு லட்சமாகி, மொத்தமும் மூச்சு முட்டி நின்னுடும். மாடி மாடியா தேடி அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மணி நேரம் ஆச்சு.

— சொருகினது யாரு?

— வேற யாரு சார்? பெட்டியைத் திறந்தது நான். சாவி என்கிட்ட. ஏதோ ஞாபகத்துல நானே சொருகிட்டுப் போயிருக்கேன். 'நீயா?'ன்னு கேட்டாங்க. சொருகின ஞாபகம் இல்ல சார், ஆனா நானாத்தான் இருக்கணும்னேன். கவனக்குறைவுன்னு எழுதி அனுப்பிட்டாங்க. அனுபவச் சான்றிதழ் கேட்டேன், தரல.

— அப்புறம் இத்தனை வருஷம்?

— வீட்டுக்கு வீடு அழைப்புமணி மாட்டினேன், மோட்டார் பார்த்தேன். நெட் ஒயரை மட்டும் தொடல. பயம் சார். பண்ணதே தெரியாம ஒரு கை தப்பு பண்ணுதுன்னா, அந்தக் கையை எப்படி நம்பறது? என் பொண்டாட்டி கேஸ் அடுப்பைக்கூட என்னை அணைக்க விடமாட்டா. அணைச்சேன்னு சொன்னாலும் எழுந்து போய் ஒரு தடவை பார்ப்பா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது.

— தொடவே மாட்டேன்னவரு எதுக்கு சர்டிபிகேட் படிச்சீங்க?

— நான் எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு தெரியணும்ல சார். அதுக்குத்தான் புத்தகத்தை எடுத்தேன். மக இங்கிலீஷ்ல வாசிச்சு அர்த்தம் சொல்லுவா, இந்த விண்ணப்பமும் அவதான் போடச் சொன்னா. ரெண்டு வருஷம் படிச்சேன். எல்லாம் புரிஞ்சுது. அந்த ஒண்ணு மட்டும் இன்னும் புரியல.

— ம்ம். பாருங்க சார், நீங்க உண்மையைச் சொன்னதுல சந்தோஷம். ஆனா சொந்தக் கவனக்குறைவால கட்டடத்தையே நிறுத்தின ஆளை நான் எந்த முகத்தோட சிபாரிசு பண்றது? மேடம், 'நிராகரிக்கப்பட்டது'ன்னு எழுதிடறேன். சரிதானே?

— எழுதாதீங்க.

— மேடம்?

— பேனாவைக் கீழ வைங்க. அதைச் சொருகினது அவர் இல்ல.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நான் அங்க இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து பதினேழாவது நாள்.

— மேடம், நீங்க... மூணாவது மாடியில, பெரிய கண்ணாடி போட்ட பாப்பாவா?

— ஆமாண்ணே. கண்ணாடி இப்ப இல்ல. உங்க விண்ணப்பத்துல இருந்த போட்டோவைப் பார்த்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுது. வேலை கொடுத்துடலாம், சொல்லாமலே தப்பிச்சுடலாம்னு கணக்குப் போட்டுத்தான் கூப்பிட்டேன். எனக்கு வெட்கமா இருக்கு.

— என்ன மேடம் நடந்துச்சு?

— எனக்கும் அப்போ சர்டிபிகேட் மட்டும்தான் சார் இருந்துச்சு. பழைய கேள்வியெல்லாம் ராத்திரி பகலா மனப்பாடம் பண்ணி வாங்கினது. ஒரு பெட்டியைத் திறந்து நேர்ல பார்த்ததே கிடையாது. அந்த வழியா வந்தேன். ஒயர் தொங்கிட்டு இருந்துச்சு. அய்யோ கழண்டிருக்கேன்னு நினைச்சேன். பக்கத்துல ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு. நல்ல பேர் வாங்கலாம்னு சொருகிட்டுப் போயிட்டேன்.

— அய்யய்யோ.

— இதுல கொடுமை என்ன தெரியுமாண்ணே? இதே கேள்வி பரீட்சையில வந்துச்சு. ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் ஒரே பெட்டியில சொருகினா என்ன ஆகும்னு. சரியா டிக் போட்டேன். முழு மார்க். கண்ணு முன்னாடி தொங்கும்போது அது இதுதான்னு தெரியல.

— அப்புறமாவது தெரிஞ்சுதா மேடம்?

— அண்ணே, நீங்க அந்த ஒயரை உருவிக் கையில பிடிச்சு எல்லாருக்கும் காட்டினீங்களே, அப்பவே தெரிஞ்சுது. வாய் வரைக்கும் வந்துச்சு. வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாத்தியம், இந்த வேலையும் போச்சுன்னா அனுபவம் இல்லாதவளை வேற யாரு சேர்ப்பாங்கன்னு முழுங்கிட்டேன். நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். மறுநாள் நீங்க வரல. உங்க சாவிக்கொத்தை என்கிட்ட கொடுத்தாங்க. ஒவ்வொரு ஒயர்லயும் நீங்க ஒட்டின சீட்டைப் படிச்சுப் படிச்சுத்தான் நான் வேலையே கத்துக்கிட்டேன். கிளம்பும்போது எனக்கு மட்டும் அனுபவச் சான்றிதழ் தந்தாங்க. 'பொறுப்பானவர்'னு அதுல போட்டிருந்துச்சு. அதைக் காட்டித்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

— மேடம், இதை நான் கேட்டதா வெச்சுக்கவா, கேக்காததா வெச்சுக்கவா? மேலிடத்துக்குத் தெரிஞ்சா உங்க வேலைக்கே...

— கேட்டதா எழுதுங்க. ரூல்ஸ்னா ரூல்ஸ்னு நீங்கதானே சொல்வீங்க. அந்தப் பழைய ஆபீசுக்கும் நேத்து ராத்திரி ஒரு கடிதம் எழுதினேன், அனுப்பத் தைரியம் இல்லாம பையிலயே கிடக்கு, இன்னிக்கு அனுப்பிடறேன். அண்ணே, என்னை ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க.

— மேடம்... ஒரு போன் பண்ணிக்கலாமா? இங்கயே. ஒரு நிமிஷம்தான்.

— பண்ணுங்கண்ணே.

— ஏய், நான்தான். இல்ல, இன்னும் முடியல. வேலையா? அதை அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. நீ எங்க இருக்க? உக்காந்துக்க முதல்ல. சேச்சே, அழலடி. இதைக் கேளு. அன்னிக்கு அந்த ஒயரைச் சொருகினது நான் இல்லையாம்.