ஆறாவது ஸ்லைடு

— இந்தக் காகிதக் குடோன்ல இப்ப இருக்கிறது மூணு பேரு. மொதலாளி காசிராஜன் பேத்தி ஹர்ஷினி. பட்டாசுக் கம்பெனியில முப்பத்திரண்டு வருசம் போர்மேனா இருந்த கோட்டைச்சாமி, அது நான். செத்துப்போன என் தம்பி பெத்தணன் மக செல்வலட்சுமி. வேற ஆளு கிடையாது. போதுமா?

— போதும் போர்மேன் ஐயா. மைக்ல சத்தம் எப்படி விழுதுன்னு பாக்கத்தான் கேட்டேன். ஒண்ணு ரெண்டு மூணுன்னு சும்மா சொல்லியிருந்தாலே போதும்.

— சும்மா பேசி எனக்குப் பழக்கமில்ல பாப்பா.

— எதிரொலி சுத்தமா இல்ல. சுத்தி டயரிப் பேப்பர் கட்டு அடுக்கியிருக்குல்ல, அதுவே எல்லாத்தையும் குடிச்சிருது. ஆபீஸ் ரூம்ல எடுத்தது கெணத்துக்குள்ள இருந்து பேசுன மாதிரி இருந்துச்சு. ஆனா மொறுமொறுன்னு ஏதோ ஒண்ணு கேக்குதே?

— பெரியப்பா சட்டைக்கா. கஞ்சி போட்டது. அவுக கையை அசைச்சா அப்பளம் நொறுங்குற மாதிரிதான் இருக்கும்.

— ஐயா, தப்பா நினைக்காதீங்க, அந்தச் சட்டையைக் கழட்டிட்டு...

— மொதலாளி வீட்டுப் புள்ள முன்னால வெத்து ஒடம்போட உக்காரச் சொல்றீகளா? அசையாம இருக்கேன். நீங்க எடுங்க.

— சரி ஐயா. செல்வலட்சுமி, ஃபேனை நிப்பாட்டியாச்சு. சாப்பாட்டு நேரம் முடிஞ்சா பக்கத்துல பிரஸ் மெஷின் ஓட ஆரம்பிச்சிரும், நமக்கு அரைமணி நேரந்தான். ஒவ்வொரு ஸ்லைடையும் தனித்தனியா எடுப்போம். தப்பு வந்தா அதை மட்டும் திருப்பிப் பேசிக்கலாம். படம் மாறுற நேரத்துல பேசிராத, அந்த வார்த்தை பதிவாகாது.

— சரிக்கா.

— ஒண்ணு கேக்கணும் பாப்பா. இதே பாதுகாப்புப் பாடத்தை மெட்ராஸ்காரரைப் பேச வச்சு ஒண்ணு எடுத்தீகளே, அது என்னாச்சு?

— போட்டுக் காட்டுனோம். பாதிப் பேரு தூங்கிட்டாங்க, மீதிப் பேரு டிவி நியூஸுன்னு நெனச்சுட்டாங்க. நம்ம ஊருப் புள்ள பேசுனாத்தான் காதுல ஏறும்னு தாத்தா சொன்னாரு. திங்கக்கிழமை கம்பெனி முழுக்கக் கேக்கப்போகுது.

— அதுக்குத்தேன் வந்தேன். வயசுப் புள்ள கொரலு அம்புட்டுப் பேருக்கும் கேக்கப்போகுதுன்னா வீட்டுப் பெரியவன் ஒருத்தன் கூட இருக்கணும். பேரு போடுறதா இருந்தா, 'பெத்தணன் மகள் செல்வலட்சுமி'ன்னு முழுசாப் போடுங்க.

— போட்டிருவோம் ஐயா. தொடங்கு செல்வலட்சுமி.

— ...நல்லாருக்காக்கா?

— அஞ்சு ஸ்லைடு முடிஞ்சது. 'ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது'ன்னு நீ சொல்றப்ப வெளிய லோடு ஆட்டோ ஹாரன் அடிச்சுட்டான். அதை மட்டும் கடைசியில எடுப்போம். இப்ப ஆறு.

— 'ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நமது ஆலையில் ஒரு தொழிலாளி பீடி பற்ற வைத்ததால், அவருடன் மேலும் நான்கு பேர் உயிரிழந்தனர். பீடி, தீப்பெட்டி, செல்போன் எதையும் உள்ளே கொண்டு வராதீர்கள்.'

— இன்னைக்கு எடுத்ததுலயே சுத்தமா வந்தது இதுதான். மூச்சுச் சத்தங்கூட இல்ல.

— அழிங்க அதை.

— ஏன் போர்மேன் ஐயா? பேரு எதுவும் போடலையே.

— பேரு போடலேன்னா யாருன்னு தெரியாதாக்கும்? அதுவும் யாரு வாயால சொல்ல வைக்கிறீக? அவன் மக வாயால. ஏ தாயி, இதுல இப்படி எழுதியிருக்குன்னு உனக்கு முன்னயே தெரியுமா?

— முந்தாநாளே பேப்பர் குடுத்துட்டாக பெரியப்பா. அம்மா காதுல விழாம மாடியில நின்னு வாசிச்சு வாசிச்சுப் பழகுனேன். அதான் நடுங்காம வந்துச்சு.

— ஐயா, நான் இட்டுக்கட்டி எழுதல. கம்பெனி பைல்ல அப்படித்தான் இருக்கு. தாத்தாகிட்டயும் கேட்டேன். கோட்டைச்சாமியும் அன்னைக்கு அங்கதான் இருந்தான், தம்பி மேல சொன்னதை அவனே மறுக்கலைன்னு சொன்னாரு.

— பேசுங்க பெரியப்பா. காலையில கம்பெனி வேன்ல எங்கம்மா ஏறுனா அந்த நாலு வீட்டுச் சனமும் பேச்சை நிப்பாட்டிருதாம். பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டேங்கிறாளாம். ஆறு வருசமா கடைசி சீட்டு. எங்கப்பா பீடி குடிச்சு நான் பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீகளா?

— இல்ல.

— பெறகு ஏன் அன்னைக்கே சொல்லல?

— போர்மேன் வீடுன்னு பேரெடுத்த குடும்பம் தாயி. போனவன் மேல விழுந்த பழி அவனோட போகட்டும், இருக்கிறவுக தலை நிமிந்து நடக்கணும்னு நெனச்சேன். அதுதேன் கௌரவம்னு நெனச்சேன்.

— அம்மாவும் நானும் தலை நிமிந்தா நடக்கோம்?

— ஐயா, மெஷின் ஓட இன்னும் அஞ்சு நிமிசந்தான் இருக்கு. வேணும்னா இந்த ஸ்லைடையே தூக்கிரட்டுமா?

— தூக்காதீக. ஸ்லைடு இருக்கட்டும், பேச்சை மாத்தணும். தாயி, அந்த மைக்கை இங்கிட்டு நகத்து. எம்புட்டுத் தூரத்துல இருக்கணும்?

— ஒரு சாண் தூரத்துல, பெரியப்பா. வாய்க்கு நேரா வேண்டாம், கொஞ்சம் ஓரமா.

— ஓடுதா பாப்பா?

— ஓடுது ஐயா.

— பெத்தணன் பீடி பத்த வச்சான்னு சொல்றது பொய், அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. முந்தின நாள் மீந்த வெடிமருந்துக் கலவையை அழிக்காம, ஆர்டர் அவசரம்னு மழை ஈரத்துல சாக்குப் போட்டு மூடி வைக்கச் சொன்னது போர்மேன் கோட்டைச்சாமி, அது தானாச் சூடேறித்தேன் வெடிச்சுச்சு.