இரண்டாம் சுற்று

— இதையும் நிறுத்துடா. மூணு மணி நேரமா ஒரே பாட்டு. காது ரெண்டும் புளிச்சுப்போச்சு.

— இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்க்கா. பரோக் காலத்துப் பாட்டு, அதான் முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஐரோப்பியப் பாட்டு, பியானோவுல வாசிச்சது, அதிகம் பேர் கேட்டிருக்காத பதிவு, மூணு வேணும்னு ரேடியோவுல கேட்டிருக்காங்க. உன் காதை விட்டா எனக்கு யார் இருக்கா?

— ஐஸ் வைக்காத. முதல்ல போட்டியே, அந்த அம்மாவைச் சேர்த்துக்கோ. இடது கை ஒரு தெருவுல போகுது, வலது கை வேற தெருவுல போகுது. ஆனா ரெண்டும் சரியா ஒரே வீட்டு வாசல்ல வந்து நிக்குது.

— அடுத்துப் போட்டேனே, அந்தப் பல் டாக்டர் வாசிச்சது?

— அவசரக்காரர். பஸ்ஸை விட்டுடுவோமோன்னு ஓடுறார். ஆனா அதே பாட்டைத் திரும்ப வாசிக்கிற ரெண்டாவது சுத்துல புதுசு புதுசா நகாசு போடுறார் பாரு, நான் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். தாள்ல 'திரும்ப வாசி'ன்னு மட்டும்தான் இருக்கும். போட்டது போட்டபடி திரும்ப வாசிச்சா அது டைப் அடிக்கிற வேலை. அவரையும் எழுதிக்கோ.

— எழுதிட்டேன். மூணாவது, நீ வாசிச்சது.

— என்ன விளையாட்டு இது?

— விளையாட்டு இல்லக்கா. நான் அதைப் பதிவு பண்ணி இருபத்திரண்டு வருஷமாச்சு. ஒரு தடவை கேளேன்.

— கேட்க என்ன இருக்கு, மனப்பாடம்தான். பத்திரிகையில விமர்சனம் எழுதினாரே அந்த மனுஷன், அதுவும் மனப்பாடம். 'சொன்னதையே அச்சுப் பிசகாமல் திரும்பச் சொல்கிறார்.' ஒரே வரி. அப்புறம் எவனாவது என்னை மேடைக்குக் கூப்பிட்டானா?

— ஒருத்தர் எழுதினதை வச்சு...

— பொய்யா எழுதினார்? வட்டு வந்ததும் நானே போட்டுக் கேட்டேன்டா. முதல் சுத்து எப்படியோ ரெண்டாவதும் அப்படியே. ஒரு சுரம் மாறல. வாசிக்கும்போது என்னென்னவோ செஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. கை செய்யல போல, மனசு மட்டும் செஞ்சிருக்கு. நம்ம சரக்கு இவ்வளவுதான்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் பியானோ முன்னாடி உட்கார்றதுக்கே கூச்சமா இருந்துச்சு.

— அதுக்காகப் பியானோவையே கொடுத்துடணுமா?

— சனிக்கிழமை ஆள் வராங்க. பள்ளிக்கூடத்துக்குப் போகுது. இங்க இருந்து என்ன பண்ணப்போகுது, மேல துணி மடிச்சு வைக்கத்தான் ஆகுது.

— வேண்டாம்க்கா. கொடுக்காத.

— ஏன்டா இப்படிக் கெஞ்சுறே? உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நீ பாடுபட்டுப் பதிவு பண்ணினே. வாசிச்சவளுக்குத்தான் வக்கில்ல.

— கோபப்படுக்கா. நல்லாக் கோபப்படு. அன்னைக்கு ரெண்டாவது சுத்து முழுக்க கரகரன்னு விழுந்துடுச்சு. மைக் ஒயரை நான் ஒழுங்காச் சொருகல.

— சொல்லியிருந்தா இன்னொரு தடவை வாசிச்சிருப்பேனே.

— வாசிச்சிருப்பே. நான் கவனிக்கிறதுக்குள்ள நீ அந்தப் பச்சை சோபாவுல படுத்துத் தூங்கிட்டே. காலையிலேர்ந்து சாப்பிடக்கூட இல்ல. ஆறு மணிக்குள்ள அந்தப் பதிவுக் கூடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எனக்கு உன்னை எழுப்ப மனசு வரல.

— எழுப்பாம?

— அந்த மனுஷன் எழுதினப்புறம் சொல்ல பயமாயிடுச்சு. நாள் ஆக ஆக வாயே வரல.

— எழுப்பாம என்னடா பண்ணினே?

— நீ வாசிச்ச ரெண்டாவது சுத்தை வெட்டிப் போட்டுட்டு, முதல் சுத்தையே எடுத்து அந்த இடத்துல ஒட்டிட்டேன்.